அற்பாயுசுக் கடதாசிகள்

யாழ்ப்பாணத்து வீடொன்றின் மேசை லாச்சியை இழுத்தால் அடியில் என்ன கிடக்கும் என்று சொல்வது கடினமல்ல. மூலையில் மஞ்சள் தடவிய கலியாண அழைப்பிதழ், கோயில் மகோற்சவ விஞ்ஞாபனம், தூரத்து உறவினர் ஒருவரின் மரண அறிவித்தல், அந்தியேட்டிக்குக் கொடுத்த கல்வெட்டு என்னும் நினைவுமலர், பழைய பங்கீட்டுக் கூப்பன் மட்டை, சங்கக்கடைத் துண்டு, பஸ் ரிக்கற். இவற்றை அச்சடித்த எவரும் அடுத்த மாதம்வரை இருக்கட்டும் என்று அச்சடிக்கவில்லை. தேர் இருப்புக்கு வந்தால் விஞ்ஞாபனத்தின் வேலை முடிந்தது. பஸ்ஸால் இறங்கினால் ரிக்கற்றின் வேலை முடிந்தது. மிஞ்சியவை எல்லாம் யாரோ எறிய மறந்ததால் மிஞ்சியவை.

இந்த வகைக் கடதாசிக்கு நூலகர்களும் சேகரிப்பாளர்களும் உலகெங்கும் வழங்கும் பெயர் எபெமெரா. கிரேக்கத்தில் 'எபி' என்ற முன்னொட்டும் நாளைக் குறிக்கும் 'ஹேமெரா'வும் சேர்ந்து, ஒரு நாளளவே நிற்பது என்ற பொருள் பிறந்தது. எபெமெரொன் ஒருமை, எபெமெரா பன்மை. அரிஸ்டோட்டில் இதைப் பூச்சிக்கு வைத்தார்: ஹிப்பானிஸ் ஆற்றங்கரையில் கோடையில் கூட்டை உடைத்து வெளிவந்து, அந்தி வரை பறந்து, சூரியன் படும்போது செத்துப்போகும் உயிர் என்று எழுதினார். இன்றும் அந்தப் பூச்சியினத்தின் விலங்கியல் பெயரில் இந்தச் சொல்தான் இருக்கிறது. வளர்ந்த பூச்சிக்கு உண்ணப் பயன்படும் வாய் இல்லை. இணைந்து முட்டையிடுவதோடு சரி. பழைய வைத்தியர்கள் ஒரே நாளில் விட்டுப்போகும் காய்ச்சலுக்கும் இதே பெயரைச் சொன்னார்கள்.

கடதாசிக்கு இந்தப் பெயர் வந்தது பின்னால். 1751 இல் ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜோன்சன் அன்றன்று வெளியாகும் தாள்களைக் கல்வியுலகின் எபெமெரா என்று குறித்தார். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகத்தை நடத்திய ஜோன் ஜோன்சன் சேர்த்த விளம்பரத் துண்டுகளும் சீட்டுகளும் 1968 இல் அதே பல்கலைக்கழகத்தின் பொட்லியன் நூலகத்துக்குப் போயின. 1975 இல் மொறிஸ் றிக்கார்ட்ஸ் இலண்டனில் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். அன்றாட வாழ்வின் சிறிய, நிலையற்ற ஆவணங்கள் என்பது அவர் தந்த வரையறை. சேர்ப்பவர்கள் இன்றும் அதைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள்.

இதே வேரிலிருந்து இன்னொரு சொல் கிளைத்தது: எபெமெரிஸ். கோள்கள் நாளுக்கு நாள் எங்கே நிற்கின்றன என்று கணித்து எழுதிய அட்டவணைக்கு வானியலார் இட்ட பெயர் அது. நம் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கும் பஞ்சாங்கம் அதன் இனம். ஒரு நாளில் சாகும் தாளும், நாட்களைக் கணக்கிட்டு வைக்கும் புத்தகமும் ஒரே வேர்ச் சொல்லில் வந்தவை. இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. ஆண்டு போடாத ஒரு நோட்டீஸ் கையில் கிடைத்தால் அது எந்த வருடத்தது என்று கண்டுபிடிக்கப் பஞ்சாங்கத்தைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

தமிழில் குறுகிய ஆயுளுக்கு உடனே வாயில் வருவது ஈசல். ஆனால் ஈசலை ஒருநாட் பூச்சி என்று நம்பிவிட்டால் கடதாசிக்குக் கேடு. விளக்கைச் சுற்றிச் சிறகுதிர்ந்து சாவது பெரும்பான்மைதான். பிழைத்த ஒரு சோடி மண்ணுக்குள் இறங்கினால் அதுதான் ஒரு கறையான் புற்றின் அரசனும் அரசியும். புற்று பெருக ஆண்டுகள் எடுக்கும், பெருகியபின் அதன் தீனி நம்முடைய அலுமாரி. மாரியின் முதல் மழையோடு ஈசல் கிளம்பும் இரவுகளில் கடதாசி வைத்திருக்கும் அறையின் விளக்கை அணைத்து யன்னலைச் சாத்திவிடுவது நல்லது.

இங்கே அச்சுத் துண்டின் வரலாறு பழையது. அமெரிக்க மிசனரிகள் அச்சியந்திரம் வைத்திராத காலத்தில் தங்கள் பிரசுரங்களை ஓலையில் எழுதுவித்துக் கொடுத்தார்கள். 1834 இல் மானிப்பாயில் அச்சகம் வந்தபின் துண்டுப் பிரசுரம் ஊரூராகப் போனது. 1849 இல் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் அச்சியந்திரசாலை நிறுவினார். சைவர் தரப்பின் மறுமொழியும் அச்சுத் தாளாகவே வந்தது. அன்று கோயில் வாசலிலும் சந்தையிலும் கையில் திணித்த தாள்கள், படித்தவர் கையிலேயே கசங்கிப்போக வேண்டியவை. எந்தப் பிரசங்கத்துக்கு எந்தக் கண்டனம், எந்தக் கண்டனத்துக்கு எந்த மறுப்பு என்ற வரிசையைப் புத்தகங்களை மட்டும் வைத்துப் பிடிக்க முடியாது.

இவற்றுள் கல்வெட்டு தனித்து நிற்கிறது. தமிழகத்து வாசகருக்குச் சொல்ல வேண்டும்: யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்றால் செத்தவீட்டின் 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுக்கும் நினைவுமலர். படத்துக்கு அடுத்தபடி திதி வெண்பா வரும். இறந்த வருடத்தின் பெயர், மாதம், பூர்வபக்கமா (வளர்பிறை) அபரபக்கமா (தேய்பிறை), என்ன திதி, இறந்தவரின் பெயர், ஊர் எல்லாம் நான்கடிக்குள் அடங்கியிருக்கும். அது அலங்காரத்துக்கு எழுதியதல்ல. ஆண்டுத் திவசம் திகதிப்படி அல்ல, திதிப்படி வருவது. பிள்ளைகள் அதை மறக்காமலிருக்கச் செய்யுளாக்கி வைத்தார்கள். பிறகு வாழ்க்கை வரலாறு, திருமுறைப் பாடல்கள், மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், கடைசியில் நன்றி நவிலலும் வம்சாவளியும். அரச பதிவேட்டில் கிடைக்காத விடயங்கள் அந்த வரலாற்றுப் பக்கத்தில் இருக்கும்: மலாயாவில் றெயில்வேயில் வேலை பார்த்தது, எந்தக் குறிச்சியில் பெண் எடுத்தது, எந்தக் கேணியைத் திருத்திக் கொடுத்தது, எந்தப் பள்ளிக்கூடத்துக்குக் காணி எழுதியது. ஒரு கிராமத்தின் வரலாற்றை எழுதப் புறப்படுபவர் முதலில் தேட வேண்டியது அந்த ஊர்க் கல்வெட்டுகளைத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

1981 இல் மே கடைசியிலும் ஜூன் முதலிலும் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 வரையான நூல்கள் போயின என்பதை எல்லோரும் சொல்வோம். அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகைப் பணிமனையும் எரிந்தது. எரிந்த நூல்களில் பலவற்றுக்குக் கொழும்பிலோ சென்னையிலோ இலண்டனிலோ இன்னொரு பிரதி தேடினால் கிடைக்கலாம். ஒரு நாடக நோட்டீசுக்கு அப்படி ஒரு வழி இல்லை. அதை எந்த நூலகத்துக்கும் யாரும் அனுப்பி வைத்ததில்லை. வீட்டு லாச்சிதான் அதன் ஒரே களஞ்சியம். அந்த லாச்சியும் 1995 ஒக்ரோபர் 30 இரவு போரினால் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதி மக்கள் முழுதும் இடம்பெயர்ந்தபோது பின்னால் விடப்பட்டது. காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் கொண்டோடியவர்கள் அழைப்பிதழைக் கொண்டோடவில்லை. அதற்காக யாரும் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

போர்க்காலத் தாள்களுக்குத் தனி உடல் உண்டு. பொருளாதாரத் தடையால் பத்திரிகைத் தாள் வராத காலத்தில் யாழ்ப்பாணத்து நாளிதழ்கள் கோடு போட்ட அப்பியாசக் கொப்பித் தாளில் அச்சாகின. செய்தியின் வரிகளுக்கு நடுவே கொப்பியின் நீலக்கோடு ஓடும். பிரதி எடுக்கும்போது அந்தக் கோட்டை அழுக்கு என்று நினைத்து மென்பொருளால் அழிக்கக் கூடாது. கட்டுரை சொல்லாத செய்தியை அந்தக் கோடு சொல்கிறது. கறுப்பு வெள்ளையில் ஸ்கான் செய்தால் கோடும் போய்விடும், தாளின் நிறமும் போய்விடும். எப்போதும் வர்ணத்திலேயே எடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

இனித் திகதி. துண்டுப் பிரசுரங்களின் பெரிய குறை, நாளும் கிழமையும் இருக்கும், ஆண்டு இராது. 'எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை 6 மணிக்கு' என்பதோடு நின்றுவிடும். படிப்பவருக்கு அந்த ஆண்டு தெரியும்தானே என்று அடித்தவர் நினைத்தார். இப்போது நாம் பின்னோக்கிப் போக வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. கடையொன்றின் நோட்டீசில் 'ஓகஸ்ட் 30 வெள்ளிக்கிழமை நல்லூர்த் தீர்த்தத் திருவிழாவை முன்னிட்டு' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு குறித்த திகதி அதே கிழமையில் 28 ஆண்டுகளுக்குள் நான்கு தடவைதான் வரும்; இடைவெளி 5, 6, 11 ஆண்டுகளாக மாறி மாறி அமையும். 1985 முதல் பார்த்தால் ஓகஸ்ட் 30 வெள்ளியில் விழுந்த ஆண்டுகள் 1985, 1991, 1996, 2002, 2013, 2019, 2024. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மகோற்சவம் 25 நாள். தீர்த்தம் ஆவணி அமாவாசையில் வரும். மேலே சொன்ன ஆண்டுகளில் ஓகஸ்ட் 30 அமாவாசையாக அமைந்தது 2019 இல் மட்டும். 2013 இல் அமாவாசை செப்ரெம்பர் 5, 2024 இல் செப்ரெம்பர் தொடக்கம். ஆகவே நோட்டீஸ் 2019, விகாரி வருடம். கிழமையும் திதியும் கையில் இருந்தால் ஐந்து நிமிடத்தில் முடியும் கணக்கு இது. கிழமை மட்டும் இருந்தால் நான்கைந்து ஆண்டுகளுக்குள் குறுக்கலாம், அதற்குமேல் வேறு சான்று வேண்டும்.

வருடப் பெயர் மட்டும் இருந்தால் 60 ஆண்டுச் சுற்று குழப்பும். துன்மதி என்றால் 1981–82 ஆகலாம், 1921–22 ஆகவும் ஆகலாம். சித்திரையில் வருடம் பிறப்பதால் தை, மாசி, பங்குனி நிகழ்வுகளுக்கு ஆங்கில ஆண்டில் ஒன்று கூட்ட வேண்டும் என்பதையும் மறந்துவிடுவார்கள். துன்மதி வருடத் தைப்பொங்கல் 1982 இல் வந்தது, 1981 இல் அல்ல. கல்வெட்டுகளைப் பட்டியலிடும்போது அதிகம் நேரும் பிழை இதுதான்.

வேறு சான்றுகள் தாளிலேயே இருக்கின்றன. தாளைத் திருப்பி விரல்நுனியால் தடவிப் பாருங்கள். எழுத்துகள் பின்புறம் மெல்லப் புடைத்திருந்தால் அச்சுக்கோத்து அடித்தது. தட்டையாக இருந்தால் ஓப்செற் அல்லது அதற்குப் பிந்தியது. 'ணை', 'லை', 'னை' ஆகியவை கொம்பு சுழித்த பழைய வடிவில் இருந்தால் அச்சுக்கோப்புக் காலம் என்று ஊகிக்கலாம். ஆனால் தமிழகத்தில் 1978 இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த உடனே இங்கே அச்சகங்கள் பழைய ஈய எழுத்துகளைத் தூக்கி எறியவில்லை, ஆகவே 1978 ஐ எல்லைக்கோடாக வைத்தால் தவறும். பாமினி எழுத்துருவின் முகம் தெரிந்தால் கணினிக் காலம். தொலைபேசி எண் இரண்டு மூன்று இலக்கமா, யாழ்ப்பாணக் குறியீடான 021 உடன் ஏழு இலக்கமா, கைத்தொலைபேசியின் 077 ஆ என்று பாருங்கள். அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் அச்சகத்தின் பெயரை விட்டுவிடாதீர்கள். அச்சகம் இடம் மாறிய ஆண்டு அந்த ஊரில் யாருக்காவது நினைவிருக்கும்.

கண்டுபிடித்த திகதியைத் தாளின் பின்புறம் கீழ் மூலையில் மெல்லிய பென்சிலால் சதுர அடைப்புக்குள் எழுதுங்கள். ஊகித்தது என்பதற்கு அந்த அடைப்பே அடையாளம். யாரிடமிருந்து எப்போது கிடைத்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். குமிழ்முனைப் பேனை வேண்டாம், ஈரம் பட்டால் மறுபக்கத்துக்கு ஊறும்.

பாதுகாப்பு என்று வரும்போது மனவருத்தமான உண்மை ஒன்று: கறையானும் வெள்ளிப்பூச்சியும் தின்றதற்கு நிகராக, அக்கறையோடு செய்த காரியங்களும் கடதாசியைக் கெடுத்திருக்கின்றன. முதலாவது லமினேற். அப்பாவின் மரண அறிவித்தல் பழுதாகக் கூடாது என்று கடைக்குக் கொண்டுபோய்ச் சூட்டில் பிளாஸ்ரிக்கை ஒட்டிக் கொண்டுவருவார்கள். மரக்கூழில் செய்த மலிவுத் தாளில் பிறக்கும் அமிலம் அதற்குள்ளேயே அடைபட்டு வேலை செய்யும். ஒட்டிய பிசின் நாரோடு கலந்துவிடுவதால் பிறகு பிரிக்கவே முடியாது. தாளைப் பாதுகாக்க விரும்பினால் ஒட்டாத உறைக்குள் இடுங்கள். பொலிஎஸ்ரர் அல்லது பொலிபுறொப்பிலீன் உறை நல்லது. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் பொலிபுறொப்பிலீன். 3 என்றிருப்பதும், புதிதாகத் திறக்கும்போது காரமாக மணப்பதும், தொட்டால் ஒட்டுவதும் பிவிசி. போட்டோக் கொப்பியின் மை சில ஆண்டில் பிவிசி உறையில் ஏறித் தாள் வெறுமையாகிவிடும்.

சூட்டில் அச்சாகும் பில்லுகளுக்கும் பஸ் ரிக்கற்றுகளுக்கும் லமினேற் இன்னும் மோசம். அவற்றில் மையே இல்லை. சூடு பட்டால் கறுக்கும் பூச்சுத்தான் எழுத்து. லமினேற் இயந்திரத்துக்குள் போனால் தாள் முழுதும் கறுத்து வெளியே வரும். சும்மா வைத்தாலும் வெயிலிலும் பிவிசி உறையிலும் மங்கிப்போகும். கிடைத்த கிழமையே படம் எடுத்துவிட வேண்டும். மூலத்தை நம்பி இருக்க இயலாத ஒரே வகை இது.

இரண்டாவது செலோரேப். ஒட்டியபோது தெளிவாக இருக்கும், சில ஆண்டில் மஞ்சளாகி, பசை தாளுக்குள் இறங்கி, பட்டை மட்டும் உதிர்ந்து விழும், கறை நிலைத்துவிடும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், அதற்குப் பயிற்சி பெற்ற கை வேண்டும். புதிதாகக் கிழிந்ததை ஒட்ட மாச்சத்துப் பசையே போதும், வீட்டிலேயே செய்யலாம். இரண்டு கோப்பை கோதுமை மாவை ரொட்டிப் பதத்துக்குக் குழைத்து அரை மணி நேரம் மூடி வைத்து, ஒரு சட்டித் தண்ணீருக்குள் பிசையுங்கள். வெண்பால் இறங்கும், கையில் இழுபடும் சவ்வு மிஞ்சும். அந்தச் சவ்வுதான் பூச்சியை அழைப்பது, அதை எறிந்துவிடுங்கள். பாலை மெல்லிய சீலையில் வடித்து, புளிக்காமல் இருக்க ஃபிறிட்ஜில் ஓரிரவு விட்டால் மாச்சத்து அடியில் இறுகிப் படியும். மேல்தண்ணீரை ஊற்றிவிட்டு, ஒரு பங்கு மாச்சத்துக்கு நான்கு பங்கு தண்ணீர் சேர்த்து இளஞ்சூட்டில் கிளறிக்கொண்டே 20 நிமிடம் காய்ச்சுங்கள். வெண்மை போய் மங்கிய கண்ணாடிப் பதம் வரும்போது இறக்கி, ஆறியபின் அரிதட்டில் இரண்டு தரம் அழுத்தி வடித்தால் கட்டி இராது. ஃபிறிட்ஜில் நாலைந்து நாள் இருக்கும், மணம் மாறினால் கொட்டிவிட வேண்டும். புத்தகம் கட்டுபவர்கள் பசையில் மயில்துத்தம் போடுவது வழக்கம். பூச்சி வராது என்பது உண்மை, ஆனால் அதிலுள்ள செம்பு நாரை அரித்துத் தாளை நொறுங்கச் செய்யும். போடாதீர்கள்.

ஒட்டும் துண்டாகச் சாதாரணக் கடதாசி தடிப்பு. கமரா வில்லை துடைக்கும் பூச்சற்ற மெல்லிய தாள் கிடைத்தால் அதைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழியுங்கள். விளிம்பில் நார் விரிந்து நிற்பதுதான் பிடிப்பு. பசையை மிக மெல்லிதாகத் தடவி, கிழிசலின் பின்புறம் வைத்து, மேலும் கீழும் கேக் தட்டில் விரிக்கும் ஒட்டாத பேக்கிங் தாள் இட்டுப் பாரமான புத்தகத்தின்கீழ் ஓரிரவு விடுங்கள். அதற்கு முன் ஒரு சோதனை: காதுக்குச்சியை நனைத்து ஓர் எழுத்தின் மூலையில் தொட்டுப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அந்தத் தாளுக்கு ஈரப்பசை ஆகாது. றப்பர் முத்திரை, ஜெல் பேனை, இங்க்ஜெற் அச்சு மூன்றும் கரையும்.

கலியாண அழைப்பிதழின் மஞ்சள் மூலைக்குத் தனியாக ஒரு சொல். மஞ்சளின் நிறம் வெயிலில் வெளிறும். காரம் பட்டால் சிவக்கும். சவர்க்காரம் போட்டுக் கழுவிய கையைத் துடைக்காமல் தொட்டால் மஞ்சள் மூலையில் விரலளவு செங்கபில நிறம் விழும். அமிலத்தை முறிக்கும் காரத் தாள்களைச் சேகரிப்பாளர்கள் பயன்படுத்துவார்கள். மாரி ஈரத்தில் அவையும் மஞ்சளைச் சிவக்க வைக்கலாம். அழைப்பிதழ்களை நடுநிலையான வெறும் வெள்ளைத் தாளுக்கு நடுவே வையுங்கள், மற்றத் தாள்களோடு ஒட்டி வைக்காதீர்கள்.

கல்வெட்டுகளின் முதுகில் இருக்கும் ஸ்ரேப்பிள் கம்பி கடற்காற்று ஊரில் விரைவில் துருப்பிடிக்கும். துரு தாளைச் சுற்றிக் கபில வட்டமாகப் பரவிப் பிறகு ஓட்டையாகும். முன்பக்கமிருந்து இழுத்தால் தாள் கிழியும். உட்பக்கம் மடிந்திருக்கும் இரண்டு கால்களின்கீழ் மெல்லிய தகட்டைச் செருகி நிமிர்த்தி, வெளிப்பக்கமாக மெல்லத் தள்ளுங்கள். அதே துளைகள் வழியாக வெள்ளைப் பருத்தி நூலால் தைத்து முடிச்சை உட்பக்கம் போட்டுவிட்டால் புத்தகம் புத்தகமாகவே இருக்கும்.

எங்கே வைப்பது என்பதில் பலரும் றங்குப் பெட்டியை நம்புகிறார்கள். எலிக்கும் கரப்பொத்தானுக்கும் அது நல்ல அரண், மாரிக்கு அல்ல. இரவில் தகரம் குளிர்ந்து உட்புறம் வியர்க்கும், அந்த நீர் கீழே உள்ள தாளில் இறங்கும். பெட்டியைத்தான் பாவிப்பதென்றால் நிலத்திலிருந்து 15 சென்ரிமீற்றராவது உயர்த்தி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, உள்ளே அட்டைப்பெட்டி இட்டு, மழையில்லாத காலை வேளைகளில் திறந்து காற்றாட விடுங்கள். சிறிய ஈரப்பதமானி ஒன்று வாங்கி வையுங்கள். நூற்றுக்கு 65 ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணம் வரும். கார்த்திகை, மார்கழியில் இங்கே அது சாதாரணமாகத் தாண்டும், அப்போது மின்விசிறியின் காற்றோட்டமே பெரிய உதவி. சிலிக்கா மணிகளைப் போட்டால் நிறம் மாறியவுடன் 120 பாகை செல்சியஸ் சூட்டில் இரண்டு மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போட வேண்டும். போட்டுவிட்டு மறந்தால் அவை வெறும் கற்கள்.

பூச்சி உருண்டை மனிதருக்கே கூடாது. வேப்பிலை போடும் வழக்கம் நல்லது, ஆனால் பச்சையாகப் போட்டால் ஈரத்தையும் பூஞ்சணத்தையும் நாமே உள்ளே அனுப்புகிறோம். நொறுங்கும்வரை நிழலில் காயவைத்துத் துணியில் முடிந்து போடுங்கள். ஏற்கெனவே பூச்சி இருக்கும் கட்டுக்குச் சிறந்த வைத்தியம் குளிர். பொலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி இறுக்கிக் கட்டி, மைனஸ் 18 பாகைக்குக் கீழே போகும் டீப் ஃபிறீசரில் இரண்டு கிழமை வையுங்கள். வெளியே எடுத்தபின் 24 மணி நேரம் பையை அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தால் குளிர்ந்த தாளில் நீர் படியும். அவசரப்பட்டு அவிழ்த்துப் பூச்சியோடு எழுத்தையும் இழந்தவர்கள் உண்டு.

நனைந்த தாளை வெயிலில் போடாதீர்கள், சுருண்டு வெளிறும். அச்சில்லாத வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, அவற்றை மணிக்கொரு தரம் மாற்றி, விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். சுவரில் ஒட்டிய சுவரொட்டியை உரிக்க முயலவே வேண்டாம். நேரெதிரே நின்று முழுதாக ஒரு படம், அடியில் அச்சகப் பெயருக்குக் கிட்டவாக ஒரு படம், எந்தச் சுவர் என்று தெரியும்படி தள்ளி நின்று ஒரு படம். அது போதும்.

ஸ்கான் செய்ய அங்குலத்துக்கு 300 புள்ளி குறைந்தபட்சம். சின்ன எழுத்து விஞ்ஞாபனத்துக்கு 400, ரிக்கற்றுக்கு 600. மூலப் பிரதியை டிஃப் வடிவில் வைத்து, பகிர ஜேபெக் ஆக மாற்றுங்கள். இரண்டு பக்கமும் எடுக்க வேண்டும், பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும். மெல்லிய தாளில் மறுபக்க எழுத்து ஊடு தெரிந்தால் பின்னால் கறுப்புத் தாளொன்றை வையுங்கள், மறைந்துவிடும். ஸ்கானர் இல்லாவிட்டால் யன்னலோரப் பக்கவாட்டு வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், தாளுக்குச் சமாந்தரமாகக் கைத்தொலைபேசியைப் பிடித்து, ஓரத்தில் ஓர் அடிமட்டம் வைத்து எடுக்கலாம். கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள் முதலில் வரட்டும். பிறகு ஊர், பிறகு வகை. அப்படி இட்டால் கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கும். 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் இத்தகைய நினைவுமலர்களையும் பிரசுரங்களையும் சேர்த்து எல்லோரும் படிக்கத் திறந்து வைத்திருக்கிறது. வீட்டுச் சேகரத்தின் பிரதி ஒன்று அங்கே போவது, நம் வீட்டுக் கூரை ஒழுகும் நாளுக்கு நல்ல காப்பு.

ஆனால் எல்லாவற்றையும் அப்படியே இணையத்தில் ஏற்றலாகாது. கல்வெட்டின் கடைசிப் பக்கத்தில் பிள்ளைகளின் வெளிநாட்டு முகவரியும் தொலைபேசியும் இருக்கும். பயணப் பாஸ், நிவாரண அட்டை, இடம்பெயர்ந்தோர் பதிவுத் துண்டு ஆகியவற்றில் அடையாள அட்டை எண் இருக்கும். பழைய ஒன்பது இலக்க எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு 500 கூட்டியது. எண்ணைப் பார்த்தாலே பிறந்த நாளும் பாலும் தெரிந்துவிடும். உரியவர் உயிரோடு இருக்கக்கூடும் என்றால் பகிரும் பிரதியில் மறையுங்கள். மூலப் பிரதியில் கை வைக்காதீர்கள். போர்க்காலத் தாள் ஒன்று சிலருக்கு நினைவு, சிலருக்கு இன்றும் ஆபத்து. எது என்பதைக் குடும்பத்திடம் கேட்காமல் முடிவு செய்ய நமக்கு உரிமை இல்லை.

இப்போது மரண அறிவித்தல் பெரும்பாலும் வட்ஸ்அப்பில் வருகிறது. அச்சுத் தாளாவது லாச்சிக்குள் பத்து வருடம் கிடந்தது. இந்தப் படம் கைத்தொலைபேசி நிரம்பியதும் அழிக்கப்படுகிறது. வட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்புவதால் அடியில் உள்ள சின்ன எழுத்துகள் கரைந்துவிடும். வடிவமைத்தவரிடம் கேட்டு, படமாக அல்லாமல் ஆவணமாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். தொலைபேசி இட்ட பெயரை மாற்றி, இறந்த திகதி, பெயர், ஊர் என்று எழுதி அன்றைக்கே கணினியில் ஒரு பிரதியும் வெளியே ஒரு பிரதியும் வையுங்கள். திதி தெரிந்தால் அதையும் பெயரோடு சேர்த்துவிடுங்கள். இப்போது வரும் படங்களில் அதைப் போடாமலே விட்டுவிடுகிறார்கள்.